வாசலில் கட்டிய செவலை மாடு

கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்று மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்காதீர்கள். அங்கே எல்லோரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். கை கழுவுகிற குழாயடிக்குப் போய் நில்லுங்கள். வயிறு நிறைந்தவன் வாய் கொப்பளித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் முதலில் என்ன சொல்கிறானோ, அதுதான் அந்தக் கல்யாணத்துக்கு மார்க்கு.

நான் ஆறு வருஷம் சித்தூர் மண்டபங்களில் பாத்திரம் தேய்த்தவள். தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் எப்போதும் அந்தக் குழாய் இருக்கும். மூணாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். பஸ் போர்டு தமிழிலும் படிப்பேன், தெலுங்கிலும் படிப்பேன், அதுக்கு மேலே எழுத்து வராது. ஆனால் குழாயடியில் நான் படித்த படிப்பை எந்த காலேஜும் சொல்லித் தராது. அப்புறம் பந்தி பரிமாறினேன், அப்புறம் பந்திக்குத் தலைவி ஆனேன், அப்புறம் மொத்தக் கல்யாணத்தையும் காண்ட்ராக்ட் எடுத்தேன். முட்டி தேய்ந்து உட்கார்ந்தது போன வருஷம்தான். நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்கள் நீங்கள் எல்லாம் போனில் படம் காட்டி, இந்த மாதிரி ஸ்டேஜு, அந்த மாதிரி லைட்டு என்கிறீர்கள். நல்லா செய்யுங்கள். ஆனால் செலவு பண்ணி அழகாக்குவதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். செலவைக் குறைத்தும் கௌரவமாகக் காட்டுவதற்குத்தான் நம்மைத் தேடி வருவார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சறுக்கியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன சறுக்கல். நான் தலைவி ஆன புதுசு. பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு தெலுங்கு. செலவைக் குறைக்கணும் என்றார்கள். நான் ரொம்ப புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு நெய்யில் கை வைத்தேன். நம் வழக்கப்படி பருப்புக்கு ஒரு ஸ்பூன் விட்டுவிட்டு நெய்க் கிண்ணத்தை உள்ளே அனுப்பிவிட்டேன். அடுத்ததாகப் பருப்புப் பொடியும் ஆவக்காய் ஊறுகாயும் போனது. கொஞ்ச நேரத்தில் பந்தியில் சத்தமே இல்லை. எட்டிப் பார்க்கிறேன். ஒரு வரிசை முழுக்க சோற்றில் பொடியைப் போட்டு நடுவில் குழி பண்ணி வைத்துக்கொண்டு, கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். நெய் வரும் என்று காத்திருக்கிறார்கள்! கடைசியில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நெய்யி ஏதி தல்லி?" என்றார், நெய் எங்கே அம்மா என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பாவமாகக் கேட்டார். அதுதான் குத்தியது.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். இருபத்தைந்து வகை போட்டு ஒவ்வொன்றையும் கிள்ளிக் கிள்ளி வைத்தால் அது தரித்திரம். பத்து வகை போட்டு, சுடச்சுட, ரெண்டு தடவை கேட்டுக் கேட்டுப் போட்டால் அதே செலவு பாதியாகும், பேர் ரெட்டிப்பாகும். இலையில் எத்தனை இருந்தது என்று குழாயடியில் எவனும் எண்ணிச் சொன்னதில்லை. "வேணுமா வேணுமான்னு கேட்டுகினே இருந்தாங்கப்பா" என்றுதான் சொல்வான்.

இப்போது பெரிய சறுக்கலுக்கு வருகிறேன்.

பலமனேர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரேவதி என்று ஒரு பெண் என்னைத் தேடிச் சித்தூருக்கு வந்தாள். திருப்பதியில் நர்ஸ் வேலை. அப்பா இல்லை. அம்மா முனியம்மா, ரெண்டு கறவை மாட்டை வைத்து இவளைப் படிக்க வைத்தவள். மாப்பிள்ளையும் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பையன், சொந்த ஊர் நாகலாபுரம் பக்கம். பையனுக்குத் தாய் கிடையாது. அத்தைதான் வளர்த்தாள். அந்த அத்தை வைத்ததுதான் அங்கே சட்டம்.

"இன்னா கேக்கறாங்க உங்க அத்தை?" என்றேன்.

"வாசல்ல பெங்களூரு பூவுல ரெண்டு ஆளு ஒசரத்துக்கு வளைவு வெக்கணுமாம். இருபத்தஞ்சு வகை சாப்பாடாம். கல்யாணம் சுமாரா இருந்துதுன்னா, திருப்பதியில ஏசி மண்டபத்துல இன்னொரு ரிசப்ஷன் நாங்களே வெக்கணுமாம். அம்மாவும் தலைய ஆட்டிட்டா பெரிம்மா."

"எத வெச்சி ஆட்னா?"

"ரெண்டு மாட்ட வெச்சி. மாட்டுத் தரகன்கிட்ட பேசிட்டா. நான்தான் சண்ட போட்டு, கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "நானும் போயிடுவேன். மாடும் போயிட்டா எங்கம்மா காலைல எதுக்கு எழுந்திருப்பா, சொல்லு?"

"மாடு கொட்டாயிலயே இருக்கும், போ" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

என்ன செய்தேன் என்று கேளுங்கள். முந்தின நாள் வரவேற்பை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டு பஸ் விடியக்காலையில் கிளம்பி எட்டு மணிக்கு வந்தால் போதும், இறங்கியதும் இட்லி ஆவி பறக்க இருக்கணும். பத்து மணிக்கு முகூர்த்தம், மத்தியானம் ஒரே பெரிய சாப்பாடு. பலமனேரிலேயே சின்ன மண்டபம். நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்து தெரியும். பெரிய மண்டபத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்தாலும் காலி நாற்காலிதான் கண்ணில் படும், இதை மறக்காதீர்கள். சாப்பாடு பதினோரு வகை. இனிப்பு ஒன்றே ஒன்று, பால்கோவா. அதுக்கு ரெண்டு நாள் பாலை சென்டருக்கு ஊற்றாமல் முனியம்மா எனக்குக் கொடுத்துவிட்டாள். நெய்யும் அவள் ரெண்டு மாதமாக உருக்கிச் சேர்த்த நெய்.

எல்லாம் சரி. பூ வளைவுக்குத்தான் வழி தெரியவில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் முனியம்மா வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் அந்தச் செவலை மாடு நின்றுகொண்டிருந்தது. ஜெர்சி கலப்பு. வெல்லப்பாகு நிறம், நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி வெள்ளை. பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு கன்று. எனக்கு உடனே பளிச்சென்று தோன்றியது. வாசலில் பசுவும் கன்றும்! குலை தள்ளிய வாழை ரெண்டு பக்கமும், மாவிலை, சாமந்தி மாலை, கொம்புக்கு மஞ்சள் குங்குமம். வருகிறவர்கள் பழம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வருவார்கள். எந்த வளைவு இதுக்கு ஈடாகும்?

இதுவரைக்கும் என் புத்தி நன்றாகத்தான் வேலை செய்தது. அதுக்கப்புறம்தான் கெட்டது.

அத்தைக்குப் போன் போட்டேன். "வளைவெல்லாம் இப்ப பழசும்மா. பெங்களூருல பெரிய எடத்துக் கல்யாணத்துல எல்லாம் வாசல்ல கோபூஜைதான். கோசாலையிலேர்ந்து ஸ்பெஷலா மாடு வரவழைக்கறோம்" என்று அளந்துவிட்டேன். "கோசாலையிலேர்ந்தா? அதுக்கு ரொம்ப ஆவுமே" என்றாள் அத்தை. "ஆவும். உங்க கௌரவம்னு ஒண்ணு இருக்குதே" என்றேன். போனில் அந்தப் பக்கம் மனசு குளிர்ந்துவிட்டது.

முனியம்மாவிடம் இதைச் சொன்னதும் முகம் சுருங்கிப் போனாள்.

"என் மாட்ட இன்னொருத்தர் மாடுன்னு சொல்லணுமா அக்கா?"

"ஒரு நாள்தான். நீ கிட்டவே போவாத. பட்டுப் பொடவ கட்டிகினு மேடையில நில்லு, போதும்."

அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைத்தான் நான் காதில் போட்டிருக்கணும். "கன்ன எதுர்ல கட்டாத அக்கா. மணி ஆச்சின்னா தாங்காது அது." நான், "எல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன போதெல்லாம் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

கல்யாண நாள் காலை ஏழு மணிக்கு மாடும் கன்றும் நடந்தே மண்டபத்துக்கு வந்துவிட்டன. வாசலுக்கு இந்தப் பக்கம் தூணில் மாடு, அந்தப் பக்கம் தூணில் கன்று. ரெண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி. போட்டோவுக்கு அப்படி நின்றால்தான் அழகு என்று நானேதான் நிற்கவைத்தேன். குடிக்கப் போகாமல் இருக்கக் கன்றுக்குக் கயிற்றையும் குட்டையாகக் கட்டச் சொன்னேன்.

எட்டு மணிக்கு பஸ் வந்தது. முதலில் இறங்கினவள் அத்தை. மயில்கழுத்து நிறப் பட்டு, கையில் ஒரு பர்ஸ், கண்ணில் எடைபோடுகிற பார்வை. வாசலில் நின்றாள். மாட்டைப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்து பின்னால் நின்றும் பார்த்தாள். நான் அதை பக்தி என்று நினைத்தேன்.

"நல்ல மாடு. எங்கேர்ந்து வந்துது?"

"கோசாலை" என்றேன்.

"ம்" என்றாள்.

அதுக்கப்புறம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. ஊரே செவலையோடு செல்ஃபி எடுத்தது. அது நடுவில் அலங்காரத்து வாழைக்குலையில் ஒரு சீப்பைத் தின்றுவிட்டது, அதையும் மங்களம் என்றார்கள். தாலி கட்டினார்கள். பந்தியில் நான் வைத்த ஆட்கள், ஆளுக்கு ஒரு வகையைத் தூக்கிக்கொண்டு மூணு சுற்று வந்தார்கள். கோவாவை முதலில் வைக்கச் சொன்னேன், அதுவும் சூடாக. ரெண்டரை மணிக்கு நான் என் இடத்துக்குப் போய் நின்றேன். குழாயடி.

அத்தை வந்தாள். கை கழுவினாள், வாய் கொப்பளித்தாள். பக்கத்தில் நின்றிருந்த அவள் நாத்தனாரிடம் சொன்னாள்: "கோவா துன்னியா? கடைச் சரக்கு இல்லடி அது. நெய்யும் மணல் மணலா இருக்குது. செலவு பண்ணித்தான் செஞ்சிருக்காங்க."

எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. ரிசப்ஷன் போச்சு, மாடு நின்றது என்று மனசுக்குள் கணக்கு முடித்துவிட்டேன்.

மூணு மணி. பஸ்ஸில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நின்று அத்தையோடு கடைசிப் போட்டோ எடுக்கிறார்கள். அப்போது செவலை கத்தியது.

சும்மா கத்தவில்லை. கழுத்தை நீட்டிக் கன்றைப் பார்த்து ஒரு கத்தல். கன்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் கத்தியது. மறுபடி அது. போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டான். பார்த்தால் காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டி, நான் போட்டு வைத்திருந்த சிவப்புக் கம்பளத்தில் வெள்ளையாக ஓடுகிறது. அது கறக்கிற நேரம். மண்டபம், முகூர்த்தம், கௌரவம் எதுவும் அதுக்குத் தெரியாது.

ரேவதி தன்னை மறந்து, "செவலி, இருடி, இருடி" என்றுவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் மாடு கன்றை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, அவள் கல்யாண மாலையை முகர்ந்து, கையை நக்க ஆரம்பித்தது.

அத்தை என்னைப் பார்த்தாள்.

"கோசாலை மாட்டுக்கு எங்க வூட்டுப் பொண்ண எப்படித் தெரியும்?"

பெண்களே, இந்த இடத்தில்தான் கவனமாகக் கேளுங்கள். என் நாக்கு நுனியில் அடுத்த பொய் தயாராக நின்றது. "பொண்ணு அடிக்கடி கோசாலைக்குப் போவும்மா, ரொம்ப பக்தி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் அதுக்கு ஒரு கோசாலைப் பேர் வேணும், அந்தப் பேருக்கு ஒரு ஆள் வேணும், அப்புறம் சாகிற வரைக்கும் ரேவதி அந்த வீட்டில் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கணும்.

நல்லவேளை, என்னைப் பேச விடவில்லை. முனியம்மா மேடையிலிருந்து ஓடி வந்தாள். பட்டுப் புடவையை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, வழியில் நம் குழுப் பெண் ஒருத்தி கையிலிருந்த, கழுவின காலி வாளியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"சம்மந்தி, மன்னிச்சிக்கோங்க. எங்க வூட்டு மாடு இது. கத்தறத கேட்டுகினு என்னால நிக்க முடியல."

அவ்வளவுதான் சொன்னாள். கம்பளத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து மடியைக் கழுவினாள். அத்தனை பேரும் பார்க்கிறார்கள். நான் ரெண்டு மாதமாகக் கட்டின கௌரவம் எல்லாம் அந்த வாளிக்குள் விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணுக்குள் திருப்பதி ஏசி மண்டபம் தெரிந்தது. தரகனும் தெரிந்தான்.

பக்கத்தில் பட்டுப் புடவை சரசரக்கிற சத்தம். கண்ணைத் திறந்தேன். அத்தை பர்ஸை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டுக் கன்றுக்குப் பக்கத்தில் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இருக்கிறாள்.

"கன்ன மொதல்ல வுடாம கறக்கறியே, இன்னா பொம்பள நீ! நாலு வாயி குடிச்சாத்தான் அது முழுசா எறக்கும்."

"பட்டு வீணாப் போவும் சம்மந்தி, நீங்க வுடுங்க."

"பட்டு கெடக்குது. எத்தினி லிட்டரு?"

"காலைல எட்டு. சாயங்காலம் ஆறு."

"எத்தினியாவது ஈத்து?"

"ரெண்டாவது கன்னு இது."

"ரெண்டாவது ஈத்துல பதினாலு!" அத்தை எழுந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இறங்கும்போதே மடியப் பாத்தேன். கோசாலையில எவன் இப்படித் தீனி போட்டு வளப்பான்னு அப்பவே நெனச்சேன். எதுக்கு இந்தப் பொய்யி?"

முனியம்மாதான் கறந்துகொண்டே, தலையைத் தூக்காமல், நடந்ததைச் சொன்னாள். மாட்டை விற்று வளைவு வைக்க இருந்தது, பெண் விடமாட்டேன் என்றது, கோவாவும் நெய்யும் இந்த மாட்டினுடையதுதான் என்பது, ரிசப்ஷனுக்காகத் தரகனைக் காக்க வைத்திருப்பது, எல்லாம். அவள் சொல்லி முடிக்கும்போது வாளியில் நுரை பொங்கி நின்றது.

நாகலாபுரத்தில் அத்தை வீட்டிலும் நாலு மாடு இருக்கிறது என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் மகனை அவள் வளர்த்ததும் அந்தப் பாலில்தான்.

"இதப் போய் விப்பியா நீ? ஒரு நாள் சோத்துக்கு?" என்றாள். செவலையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "ரிசப்ஷனும் வாணாம், ஒண்ணும் வாணாம். அதான் துன்னோமே, நல்லாத்தான இருந்துது. தரகனுக்குப் போன் போட்டு வராதன்னு சொல்லு. இப்பவே சொல்லு, நான் கேக்கணும்."

ரேவதி அழுதுகொண்டே போன் போட்டாள். தரகன் அந்தப் பக்கத்தில் ஏதோ கத்தினான். அத்தை போனை வாங்கித் தெலுங்கில் நாலு வார்த்தை சொன்னாள். அந்த நாலு வார்த்தையை நான் இங்கே சொல்லமாட்டேன், கல்யாண விஷயம் பேசிக்கொண்டு இருக்கிறோம்.

பஸ் கிளம்பும்போது அத்தை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து முனியம்மாவிடம் கத்தினாள்: "அடுத்த ஈத்து கிடேரியா இருந்தா அது எனக்கு! சீரா குடுத்துடு!" கிடேரிதான், பொட்டைக் கன்றுதான் பிறந்தது. வாக்குப்படி நாகலாபுரத்துக்குப் போனது. அதை வண்டியில் ஏற்றின அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். அத்தை என்னைப் பார்த்ததும், "இது எந்தக் கோசாலை?" என்றாள். இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான்.

அந்தக் கல்யாணத்தில் நான் குறைத்தது எதுவும் மலிவாகத் தெரியவில்லை. சின்ன மண்டபம் தெரியவில்லை, பதினோரு வகை தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் மலிவாகத் தெரிந்தது. அது நான் சொன்ன பொய். இருக்கிறதை இருக்கிற மாதிரியே வாசலில் கட்டியிருந்தால் அது முதலிலிருந்தே கௌரவமாகத்தான் இருந்திருக்கும். முனியம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. கூலி வாங்கின எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பெண்களே, உங்களிடம் வருகிறவர்கள் வெறும் கையோடு வருவதில்லை. அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். மாடு இருந்தால் கட்டுங்கள், தோட்டம் இருந்தால் பறியுங்கள், யாருடையது என்று உரக்கச் சொல்லுங்கள். நெய்க் கிண்ணத்தை உள்ளே அனுப்பாதீர்கள். அப்புறம், வாசலில் மாடு கட்டுவதாக இருந்தால், முகூர்த்த நேரம் கேட்கும்போதே கறக்கிற நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.